நிழல் நகரும் நகரில் ஒன்பது பேர்

ஜெய்ப்பூரைக் காண வேண்டும் என்பது எங்கள் தந்தையாரின் நெடுநாள் விருப்பம். உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற அவர், விளையாட்டுத் திடலில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலைக் கொண்டு நண்பகலைக் கண்டறியும் பயிற்சியை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு அளித்தவர். அதே வேலையை 27 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தைக் கொண்டு செய்து பார்த்த ஓர் அரசர் வாழ்ந்த ஊர் ஜெய்ப்பூர். சென்ற டிசம்பர் மாத இறுதியில், அரையாண்டு விடுமுறையையும் வங்கி அளிக்கும் விடுமுறைப் பயணச் சலுகையையும் ஒருசேரப் பயன்படுத்திக்கொண்டு, சென்னையிலிருந்து புறப்பட்டோம். தந்தையார், தாயார், தமக்கையும் அவர் கணவரும், தம்பியும் அவன் மனைவியும், நாங்கள் இருவர் என எண்மர். ஒன்பதாவதாகத் தம்பியின் மகள். வயது இரண்டே கால்.

முதல் நாள் நகரிலிருந்து 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆமேர் கோட்டைக்குச் சென்றோம். ராஜா மான்சிங் 1592ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோட்டை அது. மூட்டுவலியுள்ள தாயாரை மேலே அழைத்துச் செல்ல வாடகை ஜீப் கிடைத்தது. ஆனால், குழந்தைக்கென்று அரும்பாடுபட்டு விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்த தள்ளுவண்டி, கற்கள் பாவிய அப்பாதையில் பத்தடி கூட உருளவில்லை. அன்று முழுவதும் குழந்தையைத் தோளிலும், தள்ளுவண்டியைக் கையிலும் சுமந்தோம். கண்ணாடி மாளிகையின் சுவர்களில் பதிக்கப்பட்ட எண்ணற்ற கண்ணாடித் துண்டுகளைப் பெரியவர்கள் வியந்துகொண்டிருக்க, குழந்தையோ முற்றத்துப் புறாக்களைத் துரத்துவதிலேயே நிறைவு கண்டாள். அவளுடைய கணக்கில் ஆமேர் என்பது புறாக்கள் உள்ள ஊர்.

இரண்டாம் நாள்தான் பிழை செய்தோம். ஆமேர், ஹவா மஹால், ஜந்தர் மந்தர் முதலிய இடங்களுக்கு ஒரே நுழைவுச்சீட்டு உண்டு. இரண்டு நாட்களுக்குச் செல்லும். சிக்கனமானதுதான். ஆனால், வாங்கிய சீட்டில் ஓரிடம் கூட வீணாகக் கூடாது என்ற எண்ணம் அதனுடனேயே வந்துவிடுகிறது. கொடுத்துவிட்ட பணம் இனி எடுக்கும் முடிவைப் பாதிக்கக் கூடாது என்று வணிகவியல் வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம். ஆயினும், காலை ஒன்பது மணிக்கு ஹவா மஹாலில் நின்றபோது, மூன்று இடங்களையும் பகல் ஒரு மணிக்குள் முடித்துவிடுவது என்றே முடிவெடுத்தோம்.

சவாய் பிரதாப் சிங் 1799ஆம் ஆண்டில் கட்டுவித்த ஹவா மஹாலின் ஐந்து அடுக்குகளிலும் 953 சாளரங்கள் உள்ளன. சாலையை நோக்கிய அந்த அழகிய முகப்பில் வாயில் இல்லை. பின்புறமாகச் சுற்றி வந்தே நுழைய வேண்டும். மேல்தளங்களுக்குப் படிகளுக்கு மாறாகச் சாய்தளங்கள் அமைந்திருப்பதால், தாயார் எவர் துணையுமின்றி ஏறினார். முதியோருடன் செல்லும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து, தனிச்சீட்டு வாங்கி நகர அரண்மனைக்குச் சென்றோம். அங்குள்ள இரண்டு வெள்ளிக் குடங்களை விட்டு அகலத் தாயாருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றும் 345 கிலோ எடை. 4,000 லிட்டர் கொள்ளும். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவிற்காக 1902இல் லண்டன் சென்ற இரண்டாம் மாதோ சிங், கங்கை நீரை இவற்றில் நிரப்பிக் கப்பலேற்றினார். தாயார் கைகூப்பி நின்றார். தமக்கையின் கணவர் கைப்பேசியை எடுத்து அன்றைய வெள்ளி விலையைப் பெருக்கிப் பார்த்தார்.

ஜந்தர் மந்தரை அடைந்தபோது மணி பன்னிரண்டு. இரண்டாம் சவாய் ஜெய்சிங் அமைத்த ஐந்து வானாய்வுக் கூடங்களுள் மிகப் பெரியது இது. நிழல் பார்ப்பதற்கு ஏற்ற வெயில். ஆனால், அது குழந்தை உறங்கும் நேரமும் கூட. உறக்கம் கலைந்த குழந்தை எவர் தோளிலும் நிற்க மறுத்துக் கீழே இறங்கிக்கொண்டாள். தந்தையார் சாம்ராட் யந்திரத்தின் முன் நின்று, சூரியனுக்கும் நிழலுக்குமான கணக்கை விளக்கத் தொடங்கியிருந்தார். அப்போது தம்பி மனைவி தமக்கையிடம் கேட்டாள்:

“அண்ணி, பாப்பா உங்களிடம்தானே இருக்கிறாள்?”

தமக்கை, குழந்தை தாயாரிடம் இருப்பதாக எண்ணியிருந்தார். தாயார், தம்பியிடம் என்று. தம்பி, எங்களிடம் என்று. எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தேடியது ஆறேழு நிமிடங்கள்தான் இருக்கும். ஒரு திசைக்கு ஒருவராகப் பிரிந்து ஓடினோம். தம்பி வாயிலுக்கு ஓடினான். அந்த வளாகம் முழுவதும் படிகளும் வளைவுகளும் பள்ளங்களுமாக இருப்பதை அதுவரை அழகு என்று பார்த்திருந்தோம். தாயார் ஒரு திண்ணையில் அமர்ந்துவிட்டார். அவரால் எழ இயலவில்லை. இறுதியில், ராசிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சிறு யந்திரங்கள் நிற்கும் இடத்தில், ஒன்றின் படியருகே அமர்ந்து கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவளை ஒரு பெண் காவலர் கண்டு தூக்கி வந்தார். குழந்தை அழவில்லை. நாங்கள் எல்லோரும் அழுவதைக் கண்ட பிறகே அவளும் அழத் தொடங்கினாள்.

உடனே விடுதிக்குத் திரும்பினோம். வழியில் எவரும் எவரையும் குறை கூறவில்லை. அதுவே சற்று அச்சமூட்டியது.

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. கிளையின் பாதுகாப்பு அறைக்கு இரண்டு சாவிகள். ஒவ்வொன்றும் யாரிடம் இருக்கிறது என்பது பதிவேட்டில் இருக்கும். ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும், பெறுபவர் கையொப்பமிடாமல் சாவியைக் கொடுக்க மாட்டோம். இருபது ஆண்டுகளாக இதில் தவறியதில்லை. குழந்தையின் பொறுப்பை மட்டும் எட்டுப் பேருக்கும் பொதுவென்று விட்டிருந்தோம்.

மறுநாள் காலை உணவின்போது இதைக் கூறினோம். அன்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவரே குழந்தைக்குப் பொறுப்பு. மாற்றும்போது “பாப்பா உங்களிடம்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெறுபவர் “என்னிடம்” என்று மறுமொழி கூற வேண்டும். தலையசைத்தால் செல்லாது. முதலில் சிரித்தார்கள். நண்பகலுக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது.

அப்போதுதான் தம்பி மனைவி மெல்லக் கேட்டாள்: “மாமா நேற்று நிழலைப் பார்க்கவே இல்லையே?”

உண்மைதான். அதற்காகவே நெடுந்தொலைவு வந்தவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. மற்றவர்கள் ஜோஹரி பஜாருக்குச் செல்ல, தந்தையாரும் குழந்தையும் நாமும் புதிய சீட்டு வாங்கி மீண்டும் ஜந்தர் மந்தருக்குள் நுழைந்தோம். மறுபடியும் பணம் கொடுப்பதா என்று தாயார் கேட்டதற்கு எவரும் விடை கூறவில்லை.

இம்முறை குழந்தை உண்டு உறங்கி எழுந்திருந்தாள். சாம்ராட் யந்திரத்தின் நிழல் நொடிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகர்கிறது. நிமிடத்திற்கு 6 சென்டிமீட்டர். கண்ணெதிரே நகர்வதைக் காணலாம். அது காட்டும் நேரம் நம் கைக்கடிகாரத்திற்கு ஏறத்தாழ 27 நிமிடம் பின்தங்கியிருந்தது. யந்திரத்தில் பிழையில்லை. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே ஏறத்தாழ 6.7 பாகை தள்ளியிருக்கிறது; பாகைக்கு 4 நிமிடம். தந்தையார் இதைக் குழந்தைக்கு முழுமையாக விளக்கினார். இடையில் ஒரு புறாவுக்காக மட்டும் நிறுத்த நேர்ந்தது.

அரை மணி நேரம் கழித்து, குழந்தையின் கையைப் பற்றியவாறு அவர் நம்மிடம் வந்தார்.

“பாப்பா உன்னிடம்” என்றார்.

“என்னிடம்” என்றோம்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே யந்திரத்தை நோக்கித் திரும்பி நடந்தார்.