கைகள் மட்டும் போதுமா?



சுப்ஹு தொழுதுவிட்டு நாம் அருந்தும் தேநீருக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ஆள் போதவில்லை என்று மனிதர்களை வெளியூரிலிருந்து வரவழைக்கிறோமே, தேவை தீர்ந்த பிறகு அவர்கள் கதி என்ன?

இலங்கையின் ஹட்டன், நுவரெலியா மலைகளைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் மலைநாட்டில் காப்பித் தோட்டம் போட்டார்கள். அந்தப் பகுதிச் சிங்கள விவசாயிகள் வயலை விட்டுக் கூலிக்கு வர விரும்பவில்லை. எனவே கங்காணிகள் நம் தமிழகக் கிராமங்களுக்கு வந்தார்கள். பஞ்சத்தில் வாடியோருக்கு முன்பணம் கொடுத்தார்கள். தொண்டியிலும் இராமேஸ்வரத்திலும் தோணியேறிய அவர்கள், மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே காலராவுக்குப் பலியானோர் பலர்.

காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. ஆள் தேவை குறையவில்லை. வாங்கிய முன்பணமோ கடனாகித் தொடர்ந்தது. 'துண்டு' என்றொரு சீட்டு உண்டு. கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அது ஒழிந்தது. கொழுந்து பறித்த பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான கூலி கிடைத்தது எப்போது தெரியுமா? 1984இல்!

இதற்கிடையே இலங்கை சுதந்திரம் பெற்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அண்ணன் அங்கே, தங்கை நீலகிரியில் என்று குடும்பங்கள் சிதறின. எஞ்சியோருக்கு வழி பிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால். 55 ஆண்டுக் காத்திருப்பு!

இன்று அதே தோட்டங்களில் கொழுந்து பறிக்க ஆளில்லை. கூலி கட்டுபடியாகாமல் இளைஞர்கள் கொழும்புக்கும், தாய்மார்கள் வளைகுடா நாடுகளுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். லயத்தில் பேரப்பிள்ளைகளைப் பாட்டி வளர்க்கிறாள். 5 வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போவதை 2013இல் இலங்கை அரசு தடுத்தது. 2022இல் அந்நியச் செலாவணி வறண்டதும் விதிகள் தளர்ந்தன. வயது வரம்பும் 21ஆக இறங்கியது. தேவை வந்தால் சட்டம் வளைகிறது. பிள்ளையின் ஏக்கம் அப்படியேதான் இருக்கிறது.

சகோதரிகளே! அவள் வேலை செய்யும் வீடு நம் உறவினர் வீடாகவும் இருக்கலாம். நம் வீட்டு ஆண்களும் அங்கே பிழைக்கப் போனவர்கள்தானே! உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்து நாம்.

அடுத்த முறை அங்கிருந்து போன் வரும்போது கேளுங்கள்: அவளுக்குச் சம்பளம் மாதாமாதம் கிடைக்கிறதா? பாஸ்போர்ட் அவள் கையில் இருக்கிறதா? பிள்ளையோடு பேச விடுகிறீர்களா?

வந்தவை வெறும் கைகளல்ல, மனிதர்கள்.