நெருப்பில்லாமல் காப்பர் பைப்: பிரஸ் டூலும் நான் மறந்த ஒரு இணைப்பும்

போன எபிசோடில் காப்பர் பைப்பை டார்ச் வைத்து சால்டர் பண்ணுவது பற்றிப் பேசினோம். "நெருப்பே இல்லாமல் இணைக்க முடியாதா அண்ணா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். அதற்குத்தான் பிரஸ் டூல். லண்டனில் நான் இப்போது செய்கிற வேலையில் பாதிக்கு மேல் அதுதான். ஆனால் அதை நம்பி ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். அதையும் சொல்கிறேன்.

நம்ம ஊரில் சிபிவிசி பைப்புக்குப் பசை தடவிச் சொருகினால் வேலை முடிந்தது. இங்கே வீடுகளில் நிறைய காப்பர்தான்; 15, 22, 28 மில்லிமீட்டர். பிரஸ் பிட்டிங்கின் வாய்க்குள் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று இருக்கும், ஓ-ரிங். பைப்பை உள்ளே சொருகி, டூலின் தாடையால் பிட்டிங்கைக் கவ்வி, பட்டனை அழுத்தினால் போதும். பெரிய டூல் என்றால் மூன்று டன்னுக்கு மேல் விசை கொடுக்கும். சில நொடியில் முடிந்துவிடும். நசுங்கிய உலோகம் பைப் கழன்று வராமல் பிடிக்கும். ஓ-ரிங் தண்ணீரை நிறுத்தும். இரண்டுக்கும் தனித்தனி வேலை.

இதில் என்ன லாபம்? சால்டர் உருக 220 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பைப்பில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் அது 100 டிகிரியில் கொதித்துச் சூட்டைத் தின்றுவிடும், சால்டர் ஓடாது. பிரஸ்ஸுக்கு ஈரம் ஒரு பிரச்சினையே இல்லை. மரச்சட்டத்துக்குப் பக்கத்தில் வேலை செய்தாலும் தீப்பிடிக்கும் பயமில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரு அடுக்குமாடி வீட்டில் பாத்ரூம் வேலை. எல்லா பைப்பையும் முதலில் சொருகி வைத்துக்கொண்டு, பிறகு வரிசையாக அமுக்கிக்கொண்டு போனேன். நடுவில் போன் வந்தது. திரும்பி வந்தபோது ஒரு எல்போவை விட்டுவிட்டேன். நேராக 10 பார் ஏற்றி டெஸ்ட் பண்ணினேன். முள் அசையவே இல்லை. சுவரை மூடிட்டாங்க. மூன்றாம் நாள் கீழ் வீட்டு சீலிங்கில் தண்ணீர். அந்தச் செலவு முழுக்க என் தலையில்.

அமுக்காத இணைப்பு எப்படித் தாங்கியது? ஓ-ரிங்கின் இறுக்கமே சில நேரம் தண்ணீரைப் பிடித்துவிடும். அதனால்தான் இப்போது நிறைய பிட்டிங்குகளில், அமுக்காவிட்டால் ஒழுகிக் காட்டிக்கொடுக்கும்படி அமைப்பு வைக்கிறார்கள். நான் அன்றைக்குப் போட்டது அது இல்லாத பழைய ரகம். அந்த வசதி இருந்தாலும் முதலில் குறைந்த அழுத்தத்தில்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பதை பிட்டிங் கம்பெனி எழுதியிருக்கும். அதில் ஒழுகவில்லை என்றால்தான் மேலே ஏற்ற வேண்டும்.

இப்போது என் முறை இதுதான். பைப் கட்டரால் நேராக வெட்டுவேன். உள்ளேயும் வெளியேயும் பிசிறை எடுப்பேன். பிசிறு இருந்தால் ஓ-ரிங்கைக் கீறிவிடும். ஓ-ரிங் இடத்தில் இருக்கிறதா என்று பிட்டிங்குக்குள் பார்ப்பேன். எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அங்கே மார்க்கரால் கோடு போடுவேன். கோடு வரை சொருகிய பிறகு, தாடையைப் பைப்புக்குச் செங்குத்தாக வைத்து அமுக்குவேன். அமுக்கியதும் அந்த பிட்டிங்கில் ஒரு டிக். கடைசியில் டிக் இல்லாத பிட்டிங் இருக்கிறதா என்று கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

மூன்று விஷயம் மறக்காதீங்க. தாடையும் பிட்டிங்கும் பொருந்த வேண்டும். எம், வி என்று வேறு வேறு வடிவம் இருக்கிறது. தண்ணீருக்கான கறுப்பு ஓ-ரிங்கை எரிவாயு லைனில் போடவே கூடாது. பக்கத்தில் சால்டர் வேலை இருந்தால் அதை முதலில் முடித்து, ஆறிய பிறகு பிரஸ் பண்ணுங்க. சூடு ரப்பரைக் கெடுத்துவிடும்.

அமுக்கியதைத் திரும்பப் பிரிக்க முடியாது, வெட்டித்தான் எடுக்கணும். டூல் எவ்வளவு விலையானாலும் எண்ணிப் பார்க்கிற வேலை நம்முடையதுதான். மார்க்கர் பேனா ரொம்ப மலிவு. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.