இல்மனைட்: ஒரு சொல்லின் கதை

திரியாயிலிருந்து வடக்கே போனால் புல்மோட்டை. அங்கே கடற்கரை மணல் கறுத்துக் கிடக்கும். எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைகூட அதை 'இல்மனைட்' என்றுதான் சொல்லும். ஒருநாள் என் தங்கை, "ராத்தா, இல்மனைட் என்டால் என்ன கருத்து?" என்று கேட்டாள். அறபியில் 'இல்ம்' என்றால் அறிவு. அதிலிருந்து வந்த சொல் என்று உடனே சொல்லிவிட்டேன். வாப்பா, "தெரியாததத் தெரிஞ்ச மாதிரிச் சொல்லாத மகள்" என்றார். வெட்கமாகிவிட்டது. பிறகுதான் தேடிப் படித்தேன்.

இல்மனைட் என்பது இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்த கனியம். ரஷ்யாவில் யூரல் மலைத்தொடரின் தென்பகுதியில் இல்மென் என்ற மலைகள் உள்ளன. அங்கே கிடைத்த கனியத்துக்கு 1827இல் அம்மலையின் பெயரையே வைத்தார்கள். சொல்லின் கடைசியில் வரும் 'ஐட்' கிரேக்க மொழியிலிருந்து வந்த விகுதி. கல், கனியம் என்பவற்றின் பெயர்களில் அது வரும்.

இதற்கு முன்பே, 1791இல், இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் மனக்கன் என்ற ஊரின் ஓடையில் கிடைத்த கறுப்பு மணலை வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் ஆராய்ந்தார். தைத்தேனியம் முதலில் அறியப்பட்டது அதில்தான். அந்த மணலுக்கு அவ்வூரின் பெயரே வழங்கியது. பின்னர் இல்மனைட் என்ற பெயரே நிலைத்தது.

ஆங்கிலேயரிலும் பலர் இச்சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். புவிச்சரிதவியல் நூல்களிலேயே அதிகம் காணலாம். எங்கள் வீட்டிலோ "இல்மனைட்டில வேலை" என்றால் 1957இல் தொடங்கிய கனிய மணல் கூட்டுத்தாபனத்தின் வேலை என்று பொருள். கறுப்பான இந்த மணலிலிருந்துதான் வெள்ளைப் பூச்சுக்குரிய நிறப்பொருளைத் தயாரிக்கிறார்கள். மணல் கப்பலேறிப் போகிறது. நம் சுவருக்குப் பூசும் வெள்ளையைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஒரு மலையும் ஒரு சிற்றூரும் தந்த பெயர்களைப் படித்தபோது, நம் கரைக்கு ஏன் அந்த இடம் கிடைக்கவில்லை என்று நினைத்தேன். ஆராய்ந்தவர் வைத்ததே பெயர். இலங்கையில் கண்டெடுத்த ஒரு கனியத்துக்கு, அதைக் கண்ட ஏக்கநாயக்கவின் பெயரால் 'எக்கனைட்' என்று பெயர் உண்டு. ஆகவே நம்மாலும் முடியும்.

தங்கையைக் கூப்பிட்டு, நான் முதலில் சொன்னது பிழை என்று சொன்னேன். "அப்ப இதில இல்ம் இல்லையா?" என்றாள். "சொல்லில இல்லை. தேடினால் கிடைக்கும்" என்றேன்.