பட்டர் கத்தியால் வாசித்த கிட்டார்

பாணுக்கு மாஜரின் பூசும் கூரில்லாத கத்தி நம்மில் பலரது வீடுகளில் இருக்கும். அமெரிக்காவின் கறுப்பினக் கலைஞரான சீடெல் டேவிஸ், அத்தகைய ஒரு கத்தியைக் கொண்டே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிட்டார் வாசித்தார். வேடிக்கை காட்டுவதற்காக அவர் அப்படிச் செய்யவில்லை. அவருடைய விரல்களுக்குத் தந்தியை அழுத்தும் பலம் இருக்கவில்லை.

மாத்தளை மாவட்டத்தில் சமூகப் பணியாளராகப் பணியாற்றும் நான், போரினால் பாதிக்கப்பட்ட சகோதரிகள் பலரைச் சந்தித்து வருகிறேன். 2009 இல் போர் முடிந்தாலும் ஷெல் துண்டுகள் விட்டுச்சென்ற காயங்கள் முடிந்துவிடவில்லை. வடக்கிலிருந்து வந்து இங்குள்ள தோட்டங்களில் உறவினரோடு தங்கிவிட்ட சிலருக்கு விரல்கள் இல்லை. சிலருக்கு விரல்கள் இருந்தும் மடங்குவதில்லை. "இந்தக் கையை வச்சுக்கொண்டு இனி நான் என்ன செய்யிறது மிஸ்?" என்பது எங்கள் சந்திப்புகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விக்காகவே டேவிஸைப் பற்றி எழுதுகிறேன்.

தோட்டத்து மண்ணில் பிறந்த இசை

டேவிஸ் வாசித்த இசைக்கு ப்ளூஸ் என்று பெயர். அமெரிக்காவில் அடிமை முறை 1865 இல் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் தென் மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களில் கடனிலும் வறுமையிலும் கட்டுண்டு கிடந்த கறுப்பின மக்களிடையே பிறந்ததே இந்த இசை. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த நம் முன்னோரின் துயரமும் தோட்டப் பாடல்களாகியது அல்லவா? அதுபோன்றதுதான் இதுவும்.

அந்த ஏழைக் கலைஞர்களிடம் விலையுயர்ந்த கருவிகள் இருக்கவில்லை. உடைந்த போத்தலின் கழுத்து, இரும்புக் குழாய்த் துண்டு, சட்டைப்பைக் கத்தி எனக் கிடைத்ததைத் தந்தியின் மேல் வைத்து வழுக்கி வாசித்தார்கள். விரலால் அழுத்தும்போது ஒவ்வொரு சுரமும் தனித்தனியே நிற்கும். வழுக்கும்போது ஒரு சுரம் மற்றொன்றுக்குள் இழைந்து போகும். மனிதர் அழுவதைப் போலவும் முனகுவதைப் போலவும் கேட்கும். இம்முறையில் வாசிப்பதை ஸ்லைட் கிட்டார் என்பர்.

கைக்கு ஏற்ற கருவி

டேவிஸ் 1926 இல் ஆர்கன்சோ மாநிலத்தின் ஹெலினா என்ற ஊரில் தோட்டத் தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே கிட்டார் வாசிக்கப் பழகினார். ஏறக்குறைய பத்து வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. உயிர் தப்பினாலும் கைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மற்றவர்களைப் போலக் கிட்டாரைப் பிடிக்கவும் தந்திகளை அழுத்தவும் அவரால் முடியவில்லை.

டேவிஸ் கிட்டாரைக் கைவிடவில்லை, அதைத் திருப்பிப் பிடித்தார். வலது கையால் வாசித்தவர் இடக்கைக்காரரைப் போல வாசிக்கத் தொடங்கினார். தாயாரின் மேசைக் கத்திகளில் ஒன்றை மெல்ல எடுத்துக்கொண்டு, அதைத் தந்திகளின் மேல் நகர்த்திப் பழகினார். விரலின் வேலையைக் கத்தி செய்தது. இப்படி மீண்டும் வாசிக்க வருவதற்கு ஆண்டுகள் எடுத்தன.

கத்தியின் உலோகம் தந்தியில் உரசும்போது கரகரப்பான ஒலி எழும். கேட்ட சிலர் அதைச் சுருதி பிசகு என்றே நினைத்தார்கள். ஆனால், ப்ளூஸ் பற்றி விரிவாக எழுதிய விமர்சகர் ரொபர்ட் பாமர் அந்த ஒலியில் தனியானதோர் அழகைக் கண்டார். டேவிஸின் இசைத்தட்டொன்றைத் தயாரித்தவரும் அவரே. அது 1994 இல் வெளிவந்தபோது டேவிஸுக்கு வயது 68ஐ நெருங்கிக்கொண்டிருந்தது அல்லது தாண்டியிருந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் அவர் சிறிய களியாட்ட விடுதிகளில் வாசித்தே பிழைத்தார்.

அந்த விடுதி ஒன்றிலேயே இரண்டாவது அடியும் விழுந்தது. 1957 இல் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது பொலிஸார் திடீரென நுழைந்தார்கள். சனங்கள் சிதறி ஓடினார்கள். ஓட முடியாத டேவிஸ் நெரிசலில் மிதிபட்டு, அவரது இரண்டு கால்களும் முறிந்தன. அதன் பின்னர் சக்கர நாற்காலிதான். சக்கர நாற்காலியில் இருந்தவாறே வாசித்தார். 2005 இல் பக்கவாதம் வந்து கிட்டாரும் கையை விட்டுப் போனது. அப்போதும் அவர் பாட்டை விடவில்லை. 2015 இலும் அவரது புதிய இசைத்தட்டு வெளியானது. 2017 இல் தனது 91ஆவது வயதில் காலமானார்.

துணிவு மட்டும் போதுமா?

இத்தகைய வரலாறுகளைச் சொல்லிவிட்டு, "மன உறுதி இருந்தால் எல்லாம் முடியும்" என்று முடிப்பது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. டேவிஸின் மன உறுதிக்குப் பக்கத்தில் வேறு இரண்டு விடயங்களும் இருந்தன.

முதலாவது, கைக்கு ஏற்பக் கருவி மாறியது. ரொபர்ட் நைட்ஹோக் என்ற புகழ்பெற்ற ஸ்லைட் கிட்டார் கலைஞர் 1953 முதல் 1963 வரை பத்து ஆண்டுகள் அவரோடு சேர்ந்து வாசித்தார் என்பது இரண்டாவது. கால்கள் முறிந்த பின்னரும் அந்தக் கூட்டு நீடித்தது. "நீயும் வா, வாசி" என்று இடம் தர ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது ஒதுக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

வழுக்கி வாசிப்பது நமக்கு அந்நியமான கலையுமல்ல. கருநாடக இசையில் கோட்டுவாத்தியம் அப்படித்தான் வாசிக்கப்படுகிறது. வீணையைப் போன்ற உருவம். ஆனால் மெட்டுகள் இல்லை. வழவழப்பான மரத்துண்டு ஒன்றைத் தந்தியின் மேல் நகர்த்துவார்கள். மன்னார்குடி சாவித்திரி அம்மாள் இதில் பெயர் பெற்றவர். வாரணாசியில் வளர்ந்த தமிழ்ப் பெண்மணியான கமலா சங்கர், இந்துஸ்தானி இசைக்கு ஏற்றவாறு தாமே வடிவமைத்த சங்கர் கிட்டாரை வாசிக்கிறார். கருவியை நம் தேவைக்கு மாற்றிக்கொள்வது குறைபாட்டின் அடையாளமல்ல என்பதற்கு இவர்களும் சான்று.

நம் வீட்டிலும் செய்யலாம்

வாழ்வாதார உதவி என்றவுடன் எல்லோருக்கும் ஒரே மாதிரியான தையல் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் திட்டங்களை நான் கண்டிருக்கிறேன். இடது கையில் மூன்று விரல்களை இழந்த ஒரு சகோதரியின் வீட்டில் அந்த இயந்திரம் துணியால் மூடியபடியே கிடந்தது. அவரோ சமையலில் கெட்டிக்காரி. பலகையொன்றில் இரண்டு ஆணிகளை அடியிலிருந்து மேலே வரும்படி அடித்து, அதில் வெங்காயத்தையும் கிழங்கையும் குத்தி நிறுத்தி ஒரு கையாலேயே அரிந்துகொண்டிருந்தார். அவரது பட்டர் கத்தி அந்த ஆணிப் பலகைதான்.

கையில் பலம் குறைந்த சகோதரிகள் வேறு சிலவற்றையும் செய்து பார்க்கலாம். கரண்டி, கத்திப் பிடிகளில் துணியைத் தடிப்பாகச் சுற்றினால் முழுதாக மடங்காத விரல்களுக்கும் பிடி கிடைக்கும். பாத்திரத்தின் கீழ் ஈரத்துணியை விரித்தால் கிளறும்போது அது வழுக்காது. ஆணிப் பலகையை வேலை முடிந்ததும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் கைக்கு எது பொருந்தும் என்பதை அவர்களிடம் கேட்டறியலாம்.

உதவித் திட்டத்துக்காகப் பெயர் பதிய யாராவது வந்தால், "எனக்கு எது ஏலாது" என்பதை மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேலை உங்களுக்குத் தெரியும், அதைச் செய்ய உங்கள் கைக்கு எந்த மாற்றம் தேவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதிய வருபவர்கள் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள். கேட்காவிட்டால், எழுதும்படி நீங்களே சொல்லுங்கள்.