பிரமிடுக்கு அடியில் தண்ணீர்

மெக்சிகோவின் கான்குன் கடற்கரையிலிருந்து, மாயர்களின் பழைய நகரமான சிச்சென் இட்சாவுக்குச் சுமார் 200 கிலோமீட்டர். பேருந்தில் கூட்டமாக வந்து இறங்குபவர்களைக் குகுல்கான் பிரமிடின் எதிரே நிறுத்தி, வழிகாட்டிகள் கைதட்டச் சொல்வார்கள். தட்டிய சத்தம் அப்படியே திரும்பி வராது. உச்சத்தில் தொடங்கிச் சட்டென்று கீழே சரியும் பறவைக் குரலாக வரும்.

காரணம் படிக்கட்டுதான். சுவரில் மோதும் ஒலிக்கு ஒரே எதிரொலி. இங்கோ ஒவ்வொரு படியும் தனித்தனியே ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. கீழ்ப்படிகளின் எதிரொலிகள் அடுத்தடுத்து நெருக்கமாக வந்து சேர்கின்றன. மேலே போகப் போக இரண்டு எதிரொலிகளுக்கு நடுவே உள்ள நேரம் கூடுகிறது. இடைவெளி கூடக் கூடச் சுருதி இறங்கும். மாயர்கள் போற்றிய கெட்சால் பறவையின் குரலை இது ஒத்திருக்கிறது என்று 1998இல் அமெரிக்க ஒலியியலாளர் டேவிட் லப்மன் சொன்னார். வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள் என்பதற்குச் சான்று இல்லை.

நாட்காட்டிக் கணக்கு இதைவிட உறுதியானது. நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள், உச்சியில் ஒரு மேடை, மொத்தம் 365. படியேற இப்போது அனுமதியில்லை.

சுமார் 30 மீட்டர் உயர பிரமிடை அண்ணாந்து பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது காலடியில் இருக்கிறது. இந்த நகரம் இருக்கும் யுகட்டான் தீபகற்பத்தின் வடக்கே தரைமேல் ஆறுகளே கிடையாது. நிலம் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். கரைந்து குடைந்த குகையின் கூரை இடிந்து விழுந்த இடங்களில் நிலத்தடி நீர் வெளியே தெரியும். அந்த இயற்கைக் கிணறுகளுக்குப் பெயர் செனோட்டே. சிச்சென் இட்சாவின் புனித செனோட்டேயில் பொன், பச்சைக்கல், மனித எலும்புகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. மழைத் தெய்வத்துக்கு மாயர்கள் இட்ட காணிக்கைகள் அவை.

2015இல் மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரமிடைச் சுற்றி மின்முனைகள் பதித்தார்கள். நிலத்துக்குள் மின்சாரம் எங்கே எளிதாகப் பாய்கிறது, எங்கே தடைபடுகிறது என்று அளந்தபோது, பிரமிடுக்கு நேர் கீழேயே நீர் தேங்கிய ஒரு குழி இருப்பதற்கான அடையாளம் தெரிந்தது.

மக்கள் தண்ணீருக்கு எவ்வளவு அருகில் இருந்தார்கள் என்பது மாயா நகரங்களின் ஆயுளையும் பாதித்தது. யுகட்டானின் சிச்சன்கனாப் ஏரியில் வறட்சிக் காலங்களில் ஜிப்சம் படிந்தது. படிகங்களுக்குள் சிக்கிய அன்றைய ஏரிநீரைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டது: 9ஆம் நூற்றாண்டை ஒட்டிய வறட்சிகளில் ஆண்டு மழை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, உச்சத்தில் 70 சதவீதம் வரை சரிந்தது. தெற்கே குவாத்தமாலாவின் திக்கால் நகரத்தில் நிலத்தடி நீர் எட்டாத ஆழத்தில் இருந்தது. மழையைத் தேக்கி வைத்த குளங்கள்தான் கதி. அங்கே தேதி பொறித்து நட்ட கடைசிக் கல்தூண் 869ஆம் ஆண்டுக்குரியது. சிச்சென் இட்சாவோ அதன் பிறகும் செழித்தது. இந்த வேறுபாட்டுக்குப் போர், வணிகப் பாதை மாற்றம் எனக் காரணங்கள் பல உண்டு. கைக்கெட்டும் கிணறும் அவற்றில் ஒன்றாக இருந்திருக்கலாம். அடுத்தடுத்து வந்த வறட்சிகளை அந்த நகரமும் முழுதாகத் தாங்கவில்லை. 11ஆம் நூற்றாண்டில் அதன் பலம் குன்றியது.

நகரங்கள் காலியானாலும் மாயர்கள் மறைந்துவிடவில்லை. யுகட்டானில் லட்சக்கணக்கானோர் இன்றும் மாயா மொழி பேசுகிறார்கள். அவர்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அதே நிலத்தடி நீர்தான். பாறையில் துளைகள் அதிகம் என்பதால் மேலே சேரும் அழுக்கு வடிகட்டப்படாமலே இறங்கிவிடும். செனோட்டேயில் குளிக்க வரும் சுற்றுலாப் பயணிகளை முதலில் உடம்பைக் கழுவச் சொல்வதும், வெயில் களிம்பு பூசக் கூடாது என்று தடுப்பதும் அதனால்தான். அவர்கள் இறங்குவது நீச்சல் குளத்தில் அல்ல, ஒரு தீபகற்பத்தின் குடிநீரில்.