‘நோ சிக்னல்’ வந்தால் உடனே புது மானிட்டர் வாங்காதீர்கள்!

சாலாக் செலாத்தான் – எஸ்.பி.எம். எழுதவிருக்கும் அக்கா மகன் அன்று மாலை கணினியைத் திறந்தான். பெட்டியில் விசிறி சுற்றியது. திரையிலோ ‘நோ சிக்னல்’ என்ற எழுத்து மட்டுமே வந்தது. விசாரித்த கடையில், “மானிட்டர் போய்விட்டது, புதிது வாங்குங்கள், 350 வெள்ளி” என்றார்கள். அக்காவுக்கு அது பல வார மளிகைச் செலவு.

வாங்குவதற்கு முன் பின்பக்கக் கேபிளைத் தொட்டுப் பார்த்தோம். வீடு கூட்டும்போது இழுபட்டுத் தளர்ந்திருந்தது. அழுத்திச் செருகியதும் படம் வந்துவிட்டது.

‘நோ சிக்னல்’ என்பதைக் காட்டுவது மானிட்டர்தான். அந்த எழுத்து தெரிகிறது என்றால் மானிட்டருக்கு மின்சாரம் வருகிறது, திரையும் வேலை செய்கிறது. கணினியிலிருந்து படம் வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். எனவே கீழே உள்ளபடி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. மானிட்டரில் உள்ள ‘இன்புட்’ அல்லது ‘சோர்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள். கேபிள் எச்டிஎம்ஐ-யில் இருக்க, மானிட்டர் விஜிஏ-வைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

2. கணினியை அணைத்துவிட்டு, கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மீண்டும் செருகுங்கள். விஜிஏ என்றால் இரு பக்கத் திருகுகளையும் முடுக்குங்கள். ஊசி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். 15 ஊசிகளில் ஒன்று, பல கேபிள்களில் இல்லாமலேயே வரும். அது உடைசல் அல்ல.

3. ஆஸ்ட்ரோ பெட்டியில் உள்ள எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிக் கணினியில் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் பழைய கேபிள்தான் கெட்டிருக்கிறது. வராவிட்டால் அதே கேபிளால் கணினியைத் தொலைக்காட்சியில் இணையுங்கள். அதில் படம் தெரிந்தால் மானிட்டரைச் சந்தேகிக்கலாம். அதிலும் இல்லையென்றால் கோளாறு கணினியில்.

4. தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில், பெட்டியின் பின்புறம் கீழே குறுக்காக இருக்கும் துளையில்தான் கேபிளைச் செருக வேண்டும். மேலே யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பதில் செருகினால் பெரும்பாலும் படம் வராது.

5. இன்னும் சரியாகவில்லை என்றால் ராம் தளர்ந்திருக்கலாம். சுவர் பிளக்கைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். ராமைக் கழற்றி, பொன்னிற முனையை உலர்ந்த மென்துணியால் துடைத்து, ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள்.

‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று வந்தால் கதை வேறு. படம் வருகிறது, ஆனால் மானிட்டரின் சக்திக்கு மீறி வருகிறது. கணினியை ‘சேஃப் மோட்’டில் திறந்து, திரை அளவைக் குறைத்துப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய எல்லா மானிட்டருக்கும் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை: மானிட்டரையும் பவர் சப்ளையையும் வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி மின்னல் வழக்கம் என்பதால், இடி தொடங்கும் முன்பே பிளக்கையும் இணையக் கேபிளையும் கழற்றி வையுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு கடைக்குப் போனால், “கேபிள் மாற்றினேன், தொலைக்காட்சியிலும் பார்த்தேன்” என்று சொல்லுங்கள். விவரம் தெரிந்தவரிடம் வீண் செலவு சொல்ல எவரும் சற்று யோசிப்பார்கள்.