பாறைக்குப் பெயரிட்டோர்

இலக்கண வகுப்பிலே காரணப் பெயரும் இடுகுறிப் பெயரும் கற்பித்துக்கொண்டிருந்தேன். நாற்காலி காரணப் பெயர், மரம் இடுகுறிப் பெயர் என்று வழக்கம்போல் உதாரணங் கூறி முடித்ததும், பின்வரிசையில் ஒரு மாணாக்கன் எழுந்தான். "ஐயா, எங்கள் தோட்டத்தின் பெயர் கிரேக். அது காரணப் பெயரா, இடுகுறிப் பெயரா?" என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பண்டாரவளையிற் பல்லாண்டு வாழ்ந்தும் அப்பெயரின் பொருளை நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. "நாளை சொல்கிறேன்" என்றேன். அந்த நாளை வருவதற்கு இரண்டு கிழமை சென்றது.

பொருள் பின்னர்க் கிடைத்தது. ஸ்கொத்லாந்தின் மலைப்புறத்து மக்கள் பேசிய கேலிக் என்னும் மொழியிலே கிரேக் என்பது பாறை. (மொழியின் பெயரைக் கண்டு எவரும் நகைத்தல் வேண்டா, பெயர்தான் கேலி, அதன் இலக்கியம் மிகப் பழமையானது.) எனவே கிரேக் காரணப் பெயர். அண்டையிலுள்ள பூனாகலையின் ஈற்றில் நிற்பதும் சிங்களத்திற் கல்லைக் குறிக்குஞ் சொல்லே. மலையைக் கண்டவன் எம்மொழியினனாயினும் முதலிற் கல்லைத்தான் காண்கிறான் போலும்.

அதன்பின் ஒரு சனிக்கிழமை, பெயர்ப்பலகைகளை வாசிப்பதற்கென்றே பஸ் ஏறினேன். அப்புத்தளைக்குச் செல்லும் வழி எனக்குப் புதிதன்று. எனினும் அன்று அது வேறொரு நாட்டு வழியாகத் தோன்றிற்று. அப்புத்தளைப் பக்கத்திலே கிளெனனோர். பதுளைப் பக்கத்திலே கிளென் அல்பின். கிளென் எனின் இடுக்கமான பள்ளத்தாக்கு. எல்லவுக்கு அருகே கினெலன் உண்டு. கின் என்று தொடங்கும் ஸ்கொத்லாந்து ஊர்ப்பெயர்கள் பலவற்றின் முதலில் நிற்பது தலை என்னும் பொருளுடைய சொல். ஏரியின் தலைப்பக்கத்து ஊர் கின்லொக். இதைப் படித்தபோது என் உள்ளம் தலைமன்னாருக்கு ஓடிற்று. மன்னார்த் தீவின் தலை தலைமன்னார், ஆக்கம் ஒன்றே. திருச்சிராப்பள்ளியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் புறப்பட்ட எம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைக்கு நடந்தனர். நடந்து முடித்து அவர்கள் வந்து சேர்ந்த இடத்திலே, தமக்கு விளங்காத ஒரு மொழியில் ஊர் காத்திருந்தது.

அப்புத்தளை ஒரு கத்தி முனை. வடக்கே ஊவாவின் மலைகள். தெற்கே நிலம் ஒரேயடியாக இறங்கி விடுகிறது. தம்பேதன்னைக்குச் செல்லும் வழியில் நின்று தென்திசையை நோக்கினால், மேகமற்ற நாளிலே நெடுந்தொலைவில் வெள்ளிக் கோடுபோலக் கடல் தெரியும். 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் இருக்கை இம்மலையின் உச்சியிலே உளது. அவர் கிளாஸ்கோ நகரிற் பிறந்தவர், பெற்றோர் அயர்லாந்தினர்.

அந்த வெள்ளிக்கோட்டைக் கண்டபோது நான் நூலிற் படித்த மற்றொரு வழி நினைவுக்கு வந்தது. கனடாவின் கீழ்க்கோடியிலே கேப் பிரெட்டன் என்றொரு தீவு. அதனைச் சுற்றி மலையும் கடலுமாக ஏறத்தாழ 300 கிலோமீற்றர் ஓடும் கேபட் வழியைக் காணப் பல நாட்டார் செல்கின்றனர். அவ்வழியோரச் சிற்றூர்களில் இன்றும் கேலிக் பாட்டும் வயலினும் ஒலிக்கின்றன. சென்ட் ஆன்ஸ் என்னுமிடத்தில் அம்மொழிக்கென 1938இல் ஒரு கல்லூரியும் நிறுவினர்.

அவர்கள் அங்கு உல்லாசமாகப் போனவர்களல்லர். ஸ்கொத்லாந்து மலைநாட்டிலே பிரபுக்கள் ஆட்டுக் கம்பளத்தின் இலாபங் கண்டு, ஆடு மேய்க்க நிலம் வேண்டிக் குடிகளை வெளியேற்றினர். ஸ்ட்ராத்நேவர்ப் பள்ளத்தாக்கில் 1814இலும் 1819இலும் வீட்டுக் கூரைகளுக்குத் தீயிட்டனர். ஆட்டுக்கு இடமுண்டு, ஆளுக்கு இல்லை என்ற அந்தக் கணக்கைக் கோப்பிப் பயிருக்கும் தேயிலைக்கும் மாற்றி எழுதினால், எம் மலைநாட்டுக் கதையின் ஒரு பக்கம் விளங்கும். கப்பலேறியவருட் பலர் கேப் பிரெட்டனில் இறங்கினர். மிக்மாக் என்னும் ஆதிக்குடிகளின் நிலம் அது, அதனையும் மறத்தலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இலங்கைக்கு வந்த ஸ்கொத்லாந்துத் துரைமார் யாவரும் அவ்வாறு துரத்தப்பட்டோர் என்று எண்ணிவிடலாகாது. 1867இல் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், கேலிக் வழங்காத கிழக்குப் புறத்துக் கின்கார்டின்ஷயர்க்காரர். பெயரிட்ட துரைக்கே அப்பெயரின் பொருள் தெரிந்திருந்ததோ, அன்றிப் பிறந்த மண்ணின் ஏக்கந்தான் அதனை எழுதியதோ, யாரறிவார்? ஆயினும் கூரையெரிந்தோரின் மொழி, வேறொரு நாட்டிற் கூரையில்லாதோரின் முகவரியாயிற்று. இதுவே என்னை உறங்கவிடாதது.

ஒப்பிட்டுப் பார்த்தேன். கேப் பிரெட்டனுக்குப் போனவன் மொழியை இழந்தான், நிலத்தைப் பெற்றான். அவன் பேரன் சொந்தக் காணியில் நின்று, தன் பாட்டனின் பாட்டைப் பொருள் புரியாமற் கேட்கிறான். ஸ்கொத்லாந்திலும் 1872ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கேலிக்குக்கு இடந்தரவில்லை. 2011இற் கணக்கெடுத்தபோது அங்கே அதைப் பேசுவோர் ஏறத்தாழ 57,000 பேரே. எம்மவரோ மொழியை இழக்கவில்லை. லயத்திலே தாலாட்டும் ஒப்பாரியும் தமிழே; காமன் கூத்தும் தமிழே. இழந்தவை வேறு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைக் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் லயத்து அறை அறையாகவே இருந்தது. கீழே கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் கண்டோம்.

முகவரி என்றேன். அதற்கொரு காரணமுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஒன்று வந்தது. லயத்து வாசலுக்கு இலக்கமில்லை, தெருவுக்குப் பெயரில்லை. தோட்டத்தின் பெயர் ஒன்றே அவள் முகவரி. கடிதம் அக்காரியாலயத்து மேசையிலே கிடந்து, பரீட்சை முடிந்த நான்காம் நாள் அவள் கைக்கு வந்தது. அந்தத் தோட்டத்தின் பெயரை ஈண்டு எழுதேன். அழகான பெயர் என்று மட்டும் சொல்வேன்; அதிலும் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அவள் கடிதத்தை மடித்து இலக்கணப் புத்தகத்துள் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

தம்பேதன்னையிலிருந்து திரும்பும்போது பஸ் வரத் தாமதமாயிற்று. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த முதியவள் ஒருத்தி அருகே அமர்ந்தாள். "வாத்தியாரையா, எங்க வந்தீங்க?" என்றாள். "பெயர் பார்க்க வந்தேன் ஆத்தா" என்றேன். "பேரா? போர்டுல உள்ளது தொர வச்ச பேரு. மலைக்கு நாங்க வச்ச பேரு வேற" என்று சொல்லி, விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். கோயிலடி மலை, பேய்ப்பாறை மலை, ஊத்து மலை, சிறுத்தை புகுந்த மலை, முனியாண்டி மலை... கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு துண்டு நிலமும் அவர்கள் வாயிலே மலைதான். காரியாலயத்து வரைபடத்தில் அவற்றுக்கு எண்கள் மட்டுமே உள என்பதும் அவள் சொல்லித் தெரிந்தது.

பஸ் வருவதற்குள் பதினேழு பெயர்களைக் குறித்துக்கொண்டேன். திங்களன்று வகுப்பிலே கிரேக் பாறை என்று கூறி, அப்பதினேழையும் கரும்பலகையில் எழுதினேன். ஒன்றேனும் இடுகுறிப் பெயர் அன்று. பின்வரிசை மாணாக்கன் மீண்டும் எழுந்தான். "ஐயா, எங்கள் ஆயாவுக்கு இதைவிடக் கூடத் தெரியும்" என்றான். எழுதி வா என்றேன். கொப்பியில் நான்கு பக்கம் நிறைய எழுதி வந்திருக்கிறான். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.